பாத்துப் போடுங்க

முதலாளி ஒருநாளும் பொய் எழுதச் சொன்னதில்லை.
"பாத்துப் போடுங்க" என்பார், அவ்வளவுதான்.
எங்களுக்குப் புரியும்.

மரவள்ளிக் கிழங்கைக் கழுவிக் கூடையில் இட்டுத்
தண்ணீருக்குள் இறக்கினால்
முள் ஆடி ஆடி ஒரு பாயிண்டில் நிற்கும்.
இருபத்தெட்டில் நின்றால் இருபத்தாறு.
இருபத்தேழில் நின்றாலும் இருபத்தாறு.
இருபத்தாறிலேயே நின்றுவிட்டால்
டிராக்டர்காரன் முகத்தைப் பார்த்து முடிவுசெய்வோம்.

ஆத்தூர் ரோட்டில் எங்கள் மில்.
பகலெல்லாம் களத்தில் ஜவ்வரிசி காயும்,
கண் கூசுகிற வெள்ளை.
ராத்திரியில் புளித்த மாவுத்தண்ணி வாடை.
வடக்கே, குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் வண்டிகளின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு அணைந்து அணைந்து தெரியும்.

அர்த்தனாரி போன தை மாசம் வேலைக்கு வந்தான்.
அவனுடைய முதல் லோடு ஒரு பேளூர் டிராக்டர்.
முள் இருபத்தெட்டரையில் நின்றது.
இருபத்தெட்டரை என்று எழுதினான்.
மேஸ்திரி கூப்பிட்டார்:
"பாத்துப் போடச் சொன்னனேப்பா?"
"பாத்துத்தாங்க போட்டேன்."

கிண்டல் என்று சிரித்தோம்.
அவன் முகத்தில் கிண்டல் இல்லை.
அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் கோபம் வந்தது.

டீ வாங்கிவரும் பையன்
ஒரு டம்ளர் குறைத்து வாங்கிவரப் பழகினான்.
அவன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால்
நாங்கள் கை கழுவப் போய்விடுவோம்.
சனிக்கிழமை எல்லோருக்கும் வரும் கவர்
அவன் மேசைமேல் மூன்று வாரம் கிடந்தது.
நாலாவது வாரம் அதை எடுத்துக்கொண்டவன் நான்.

தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள்.
மில் வாசல் நாய்க்குப் பயந்து
பின்பக்கம் முள்வேலி தாண்டி வருகிறவன்.
கண்டக்டர் தராத ரெண்டு ரூபாயை
வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவன்.
கடன் இல்லையா என்றால், பெண்டாட்டி வளையல் சொசைட்டியில்.
சங்கம் கிடையாது, கொடி கிடையாது.
கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு
அவன் லீவு எடுத்தது தூங்குவதற்கு.
கிழங்கு போடும் குடும்பமுமில்லை.
அப்பா லாரி கிளீனர்.
ஒரு காரணம் கிடைத்தால் போதும்,
'அதனால்தான்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.
தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு நைட் ஷிப்டில் கேட்டேவிட்டேன்.
"ஏன்டா?"
வெகுநேரம் யோசித்தான்.
"கை வரலண்ணா."
"வராட்டி வரவழைக்கணும்டா."
"எப்படிண்ணா?"

சைக்கிள் விடக் கற்றுத்தரச் சொல்கிற மாதிரி
நிஜமாகவே கேட்டான்.
சொல்ல வாயெடுத்தேன்.
எனக்கு எப்படி வந்தது?

பதினாறு வருஷத்துக்கு முந்தி,
எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்
நோட்டை என் பக்கம் தள்ளினார்.
மேல்வரியில் இருபத்தாறு.
அதற்கு மேலே இருபத்தாறு.
பக்கம் முழுக்க ஒரே சீராக, அழகான கையெழுத்தில்.
அந்த வரிசையில் என் இருபத்தெட்டு
அழுக்காகத் தெரியும் என்று தோன்றியது.
பயந்து எழுதவில்லை நான்.
பணத்துக்கும் அல்ல, கவர் பிறகுதான் வந்தது.
பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று எழுதினேன்.

இதை அவனிடம் சொல்லவில்லை.
"போகப் போக வரும்" என்றேன்.

வரவில்லை.
அவனைக் களத்துக்கு மாற்றினார்கள்.
உச்சி வெயிலில் துண்டைத் தலையில் போட்டு
ஜவ்வரிசியைப் பலகையால் தள்ளிக்கொண்டிருக்கிறான்.
கேலி செய்தால் அவனும் சிரிக்கிறான்.
சந்தோஷமாக இருக்கிறானா, தெரியாது.
கறுத்துவிட்டான், அது தெரிகிறது.

நேற்று ராத்திரி கடைசி லோடு, வாழப்பாடிக்காரர்.
முள் இருபத்தேழில் நின்றது.
என் கையும் நின்றது,
குப்பனூர்ப் பக்கம் ஒரு வெளிச்சம்
வளைவில் மறைந்து
மறுபடி தெரிகிற வரைக்கும்.

பிறகு வந்துவிட்டது.
பழகின கை.